மாதச் சம்பளத்தை எதனால் வகுப்பது?

ஐ.டி.ஐ.யில் ஒரே பிரிவில் படித்த இரண்டு எலெக்ட்ரீஷியன்களை எடுத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் ஆலையில் நிரந்தர வேலை. மாதம் 20,000 ரூபாய். மற்றவர் சொந்த ஊரிலேயே வீட்டு வயரிங் பார்க்கிறார். நாள் கூலி 1,000 ரூபாய். மாதத்துக்கு 26 நாள் என்று பெருக்கி, "இவனுக்கு 26,000 வருது, அவன் வெறும் இருபதுக்குப் போய் உழைக்கிறான்" என்று ஊரே தீர்ப்புச் சொல்லிவிடும். இந்தக் கணக்கை நம்பி நிரந்தர வேலையை உதறியவர்கள் இருக்கிறார்கள். இதே கணக்கைக் காட்டித்தான் வீடு கட்டுகிறவர்கள் கூலியில் நூறு இருநூறு குறைக்கச் சொல்லி மல்லுக்கு நிற்கிறார்கள்.

கோளாறு அந்த 26-இல் இருக்கிறது. ஆடியில் யாரும் புது வேலை தொடங்குவதில்லை; மார்கழியும் அப்படியே. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் கான்கிரீட் தள்ளிப்போகும். கம்பி கட்டி முடித்ததற்கும் கான்கிரீட் கொட்டுவதற்கும் இடையில்தான் கூரையில் பைப் பதிக்க முடியும் என்பதால், எலெக்ட்ரீஷியனும் அதுவரை வீட்டில்தான். கொத்தனார் வரவில்லை, மணல் வரவில்லை, வீட்டுக்காரருக்கு வங்கிக் கடனின் அடுத்த தவணை வரவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நாளைத் தின்னும். எஸ்டிமேட் பார்க்கப் போகிற நாளுக்கும், முடித்த வேலையின் பாக்கியைக் கேட்டு அலைகிற நாளுக்கும் யார் கூலி தருகிறார்கள்? ஆண்டில் 230 நாள் கூலி கிடைத்தால் அது நல்ல ஆண்டு என்பேன். வரவு 2,30,000. பெட்ரோல், டிரில்லிங் மெஷின், கட்டர் பிளேடு, மல்டிமீட்டர், போன் எல்லாம் அவர் கைக்காசு. அதற்கு 35,000 கழித்தால் மிச்சம் 1,95,000. மாதத்துக்கு 16,250 ரூபாய்.

இனி ஆலைக்காரர். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. பிடித்தம் போக அவர் கைக்கு 18,000 சொச்சம்தான் வருகிறது. ஆனால் சம்பளச் சீட்டில் கண்ணில் படாத வரவுகள் உண்டு. அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 15,000 என்றால், நிர்வாகம் தன் பங்காக 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பி.எஃப். கட்டுகிறது, அந்த 12-இல் 8.33 ஓய்வூதியத்துக்குப் போகிறது. ஈ.எஸ்.ஐ.க்கு நிர்வாகத்தின் பங்கு 3.25 சதவீதம், 650 ரூபாய். தீபாவளி போனஸைக் குறைந்தபட்சமாகப் போட்டாலும் ஆண்டுக்கு 7,000. ஐந்து ஆண்டு முடித்தவருக்குக் கிராஜுவிட்டி, ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம்; 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் 8,650 ரூபாய் போல் வரும். அத்தனையும் சேர்த்தால் அந்த வேலையின் ஆண்டு மதிப்பு 2,85,000. பண்டிகை விடுமுறைக்கும் ஈட்டிய விடுப்புக்கும் சம்பளம் உண்டு. அது இந்தத் தொகைக்குள் அடக்கம்.

இதற்கு ஈடாக ஊர் எலெக்ட்ரீஷியன் சம்பாதிக்க வேண்டுமானால், 2,85,000-உடன் செலவு 35,000-ஐயும் கூட்டி 230-ஆல் வகுக்க வேண்டும். நாளுக்குச் சுமார் 1,400 ரூபாய், அதாவது 20,000-இல் ஏறக்குறைய பதினான்கில் ஒரு பங்கு. ஆக, மாதச் சம்பளத்தை 26-ஆல் வகுத்துக் கூலி பேசக் கூடாது. 14-ஆல் வகுக்க வேண்டும்.

பணமாக மாற்றிக் காட்ட முடியாத ஒன்றும் இருக்கிறது. ஏணியிலிருந்து விழுந்து கால் முறிந்தால்? ஆலைக்குள் விழுந்தவருக்கு ஈ.எஸ்.ஐ. மருத்துவமும் பார்த்து, வேலைக்குத் திரும்பும்வரை கூலியில் 90 சதவீதமும் தருகிறது. சாதாரண நோய் என்றால் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. ஊரில் விழுந்தவருக்குத் தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியம் இருக்கிறது. கட்டட மதிப்பில் ஒரு சதவீதம் வரியாக வசூலாகி அங்கே போகிறது. விபத்து உதவி, 60 வயதுக்குப் பின் ஓய்வூதியம், பிள்ளைகளுக்குக் கல்வி உதவி எல்லாம் உண்டு. ஆனால் பதிந்தவருக்குத்தான், பதிவைப் புதுப்பித்துக்கொண்டே வருகிறவருக்குத்தான். வயரிங் வேலையும் அந்த வாரியத்தின் பட்டியலில் இருக்கிறது என்பதை அறியாத எலெக்ட்ரீஷியன் இருக்கக் கூடாது.

சொந்த வேலையே நஷ்டம் என்று நான் சொல்லவில்லை. நாள் கூலியை விட்டு, ஓர் இணைப்புக்கு இவ்வளவு என்று 'பாயிண்ட்' கணக்கில் பேசி, கூட ஓர் உதவியாளரை வைத்துக்கொண்டு இரண்டு மூன்று வீடுகளை ஒரே சமயத்தில் எடுக்கிறவருக்கு மேலே சொன்ன வரம்பு எதுவும் கிடையாது. ஆலைக்குள்ளும் ஒப்பந்தத் தொழிலாளியாக இருக்கிறவருக்கு இந்தச் சலுகைகள் எல்லாம் முழுசாக வந்து சேருவதில்லை. அவருடைய கணக்கு வேறு. வெளியே வர அவருக்குக் காரணம் அதிகம்.

நிரந்தர வேலையில் 30,000 வாங்குகிறவர் விலக நினைத்தால், தன் ஊரில் நாளுக்கு 2,100 ரூபாய் கொடுத்து வேலைக்குக் கூப்பிட ஆள் இருக்கிறதா, அதுவும் ஆடியிலும் ஐப்பசியிலும் இருக்கிறதா என்று ராஜினாமா எழுதுவதற்கு முன் விசாரிக்கட்டும்.