உப்புக் காற்றில் ஒரு கண்டென்சர் மைக்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நோக்கிப் போகும்போது மரக்காணத்தை ஒட்டி உப்பளப் பாத்திகள் விரிகின்றன. ஒரு பக்கம் வங்கக் கடல், இன்னொரு பக்கம் கழுவேலி உவர்நீர்ப் பரப்பு, இடையில் உப்பு. இப்படிப்பட்ட ஊரில் இருந்துகொண்டு நாட்டுப்புறப் பாட்டையோ கதையையோ பாடத்தையோ வீட்டிலேயே பதிவு செய்ய விரும்பும் ஒருவர், கைபேசியைத் தாண்டி ஒரு நல்ல மைக் வாங்கலாம் என்று விசாரித்தால், குறைந்த விலையில் ஒரு கண்டென்சர் மைக் வாங்கச் சொல்வார்கள். அறிவுரை தவறில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி, குளிர்ந்த உலர்ந்த நாடுகளின் அமைதியான அறைகளை மனத்தில் வைத்துச் சொல்லப்படுவது. உப்பளக் கரையில் பதிவின் தரத்தைத் தீர்மானிப்பவை இரண்டு: காற்றில் இருக்கும் ஈரமும் உப்பும் ஒன்று, வீட்டுக்குள் ஓயாமல் இருக்கும் ஓசை மற்றொன்று. இவ்விரண்டையும் கணக்கில் எடுத்தால், நடுத்தர விலை மைக் ஒன்றை வாங்கி, மிச்சப் பணத்தை அதை உலர்வாக வைக்கவும் அறையை அமைதிப்படுத்தவும் செலவிடுவதே சரி என்பது விளங்கும்.

கண்டென்சர் மைக் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் காரணம் புரியும். பெல் ஆய்வகங்களின் தாய் நிறுவனங்களில் ஒன்றான வெஸ்டர்ன் எலெக்ட்ரிக்கில் பணியாற்றிய ஈ. சி. வென்ட்டே 1916-ல் இதை உருவாக்கினார். இன்றைய மைக்குகளில் இருப்பது பொன் பூசிய மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு ஒன்று. அதன் பின்னால் அசையாத உலோகத் தகடு ஒன்று. இரண்டுக்கும் நடுவே தலைமயிரின் தடிமனை ஒத்த இடைவெளி. சவ்வின் தடிமன் சில மைக்ரான்கள்தான். சவ்வும் தகடும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகின்றன. குரல் பட்டுச் சவ்வு அசையும்போது இடைவெளி மாறுகிறது, தேக்கத்திறன் மாறுகிறது, அதற்கேற்ப மின்னழுத்தம் ஏறி இறங்குகிறது. சவ்வு அவ்வளவு இலேசாக இருப்பதால்தான் மூச்சின் நுணுக்கமும் மெய்யெழுத்துகளின் கூர்மையும் தெளிவாகப் பதிகின்றன. ஆனால் இந்த மின்தேக்கியின் அளவு மிகச் சிறியது, சுமார் 50 பிக்கோஃபாரட். அதிலுள்ள மின்னூட்டம் ஒழுகிப் போகாமல் இருக்க, அதோடு இணையும் மின்தடை நூறு கோடி ஓம், அதாவது ஒரு கிகாஓம் அளவில் இருக்க வேண்டும்.

உப்பளக் கரையின் சிக்கல் அந்தக் கிகாஓமில்தான் தொடங்குகிறது. தூய சோடியம் குளோரைடு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் காற்றிலுள்ள நீரை இழுத்துக் கரைந்துவிடும். கடல் உப்பில் மெக்னீசிய உப்புகளும் கலந்திருப்பதால் அதற்கும் குறைவான ஈரப்பதத்திலேயே அது கசியத் தொடங்கும். சமையலறையில் கல்லுப்பு ஜாடி நீர்விடுவது இதனால்தான். இந்தக் கரையில் காலை ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தாண்டுவது அன்றாட நடப்பு. அலை தெறித்துக் காற்றில் மிதக்கும் உப்புத் துகள் மைக்கின் சவ்விலோ உள்ளேயிருக்கும் மின்சுற்றிலோ படிந்தால், ஈரமான வேளைகளில் அது மின்சாரம் ஒழுகும் பாதையாகிறது. விளைவைக் கணக்கிட்டே பார்க்கலாம். 50 பிக்கோஃபாரட் மின்தேக்கியோடு ஒரு கிகாஓம் இருக்கும்போது, ஏறத்தாழ 3 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான் ஒலி தேயும்; அது காதுக்கு எட்டாத இடம். ஈரத்தால் அந்தத் தடை 5 கோடி ஓமாகக் குறைந்தால் தேய்வு 64 ஹெர்ட்ஸிலேயே தொடங்கிவிடும். தவிலின் அடித்தொனி மெலியும். அதோடு சீறலும் 'படபட' என்ற வெடிப்பொலியும் சேர்ந்துகொள்ளும். மைக் கெட்டுவிட்டதென்று தூக்கி எறியப்படுபவற்றில் சில, உண்மையில் ஈரம் கோத்தவையாக இருக்கும்.

பொறியியலாளர்கள் இதற்கு விடை காணாமல் இல்லை. சென்ஹைசரின் எம்கேஎச் வரிசை போன்ற மைக்குகளில், சவ்வு ஓர் உயர் அதிர்வெண் மின்சுற்றின் பகுதியாக வேலை செய்கிறது. அந்தச் சுற்றுக்குக் கிகாஓம் காப்பு தேவையில்லை. ஆகவே ஈரம் அதை எளிதில் பாதிப்பதில்லை. காட்டிலும் கடலிலும் ஒலிப்பதிவு செய்பவர்கள் அதை நாடுவது இதற்காகவே. ஆனால் அதன் விலை வீட்டுப் பதிவாளருக்கு எட்டாதது. எட்டக்கூடியது எலெக்ட்ரெட் வகை. 1962-ல் பெல் ஆய்வகங்களில் கெர்ஹார்ட் செஸ்லரும் ஜேம்ஸ் வெஸ்டும் உருவாக்கிய இந்த முறையில், மின்னூட்டம் ஒரு பிளாஸ்டிக் படலத்துக்குள் நிலையாகப் பொதிந்திருக்கும். சவ்வும் தகடும் சேர்ந்த காப்சூலுக்கு வெளியிலிருந்து உயர் மின்னழுத்தம் கொடுக்க வேண்டியதில்லை என்பதால், அந்த அழுத்தம் ஈரத்தின் வழியே ஒழுகி வெடிப்பொலி எழுப்பும் வாய்ப்பு குறைகிறது. இதுவும் ஈரத்துக்கு முழுக் காப்பு அல்ல. உள்ளேயிருக்கும் டிரான்சிஸ்டரின் நுழைவாயிலுக்கு உயர்ந்த மின்தடை இங்கும் வேண்டும். காலப்போக்கில் எலெக்ட்ரெட்டின் மின்னூட்டம் தீர்ந்துவிடும் என்ற அச்சம், தொடக்ககாலப் பொருள்களுக்குப் பொருந்தியது. இன்றைய நல்ல தயாரிப்புகள் பல்லாண்டு நிலைக்கின்றன.

அடுத்தது இரைச்சல் கணக்கு. எந்த மைக்கும் தானே ஒரு மெல்லிய சீறலை உண்டாக்கும். பெட்டியில் அதை டெசிபலில் குறித்திருப்பார்கள். பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் கிடைக்கும் ஆடியோ-டெக்னிகா ஏடி2020 என்ற எலெக்ட்ரெட் மைக்கில் அது 20 டெசிபல். அதைவிடக் கணிசமாக விலை கூடிய ரோட் என்டி1-ல் 5 டெசிபலுக்கும் குறைவு. தாளில் இது பெரிய வேறுபாடு. ஆனால் இரவில் அமைதியாகத் தோன்றும் படுக்கையறையிலேயே 30 டெசிபல் அளவுக்கு ஓசை இருக்கும். 30 டெசிபல் அறையில் 20 டெசிபல் மைக்கை வைத்தால் மொத்தம் 30.4, 5 டெசிபல் மைக்கை வைத்தால் 30.0. மின்விசிறியும் கடற்காற்றும் சாலை லாரியும் சேரும்போது அந்த வேறுபாடும் மறைந்துவிடும். அறை ஓசை பெரும்பாலும் தாழ்ந்த முழக்கம், மைக்கின் சீறலோ உயர்ந்த சுருதியுடையது. ஆகவே ஒன்று மற்றொன்றை முழுதாக மறைக்காது என்று ஒருவர் மறுக்கலாம். அது நியாயம்தான். மெல்லிய வீணையையோ புல்வெளிப் பூச்சிகளின் ஒலியையோ பதிவு செய்பவருக்கு 15 டெசிபலுக்குக் குறைவான மைக் தேவை. பேச்சின் கணக்கு வேறு. ஒரு மீட்டரில் 60 டெசிபலாக இருக்கும் பேச்சு, மைக்கை ஒரு சாண் தூரத்துக்குள் கொண்டுவந்தால் 70 டெசிபலைத் தாண்டுகிறது. 20 டெசிபல் சீறலுக்கு மேலே 50 டெசிபல் இடைவெளி இருந்தால் கதைக்கும் பாட்டுக்கும் போதும். விசிறியை நிறுத்துவதும், கனத்த திரையைத் தொங்கவிடுவதும், மைக்கை வாய்க்கு அருகே வைப்பதும் தரும் பலனை விலை கூடிய மைக் தராது.

அப்படியானால் ஈரத்துக்கு அஞ்சாத டயனமிக் மைக்கையே வாங்கலாமே என்பது வலுவான எதிர்வாதம். காந்தத்தில் அசையும் கம்பிச் சுருள் அதன் உயிர். சில நூறு ஓம்களில் இயங்குவதால் ஈரம் அதில் கசிவை உண்டாக்குவதில்லை. 1966-ல் வந்த ஷூர் எஸ்எம்58 இன்றும் மேடைகளில் நிற்பது இந்த உறுதியால்தான். ஆனால் அதே ஒலிக்கு ஏடி2020 தரும் மின்னழுத்தம் எஸ்எம்58 தருவதைப்போல் ஏறத்தாழ ஏழரை மடங்கு. மென்குரலை டயனமிக்கில் பதிவு செய்தால், மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் ஒலிபெருக்கத்தை எல்லைவரை ஏற்ற வேண்டிவரும். மலிவான கருவியில் அங்கே சீறல் கேட்கும். ஆகவே பிரிவு இப்படி அமைகிறது: திண்ணையிலோ திறந்த கூடத்திலோ உரத்த குரலில் பாடுபவர், பறை அடிப்பவர், தெருக்கூத்தைப் பதிவு செய்பவர் டயனமிக் வாங்குவது நல்லது. சாத்திய அறைக்குள் மெல்லப் பேசுபவருக்கும் பாடுபவருக்கும் கண்டென்சர் தரும் தெளிவு, பராமரிப்புக்கான உழைப்பை ஈடுசெய்யும்.

சென்னையும் கடற்கரை நகரம்தானே, அங்கே திரைப்பட ஒலிப்பதிவுக் கூடங்கள் பல பத்தாண்டுகளாகக் கண்டென்சர் மைக்குகளை வைத்திருக்கவில்லையா என்றும் கேட்கலாம். வைத்திருக்கின்றன, காரணம் அங்கே ஓயாது ஓடும் குளிர்சாதனம் காற்றின் ஈரத்தைப் பிழிந்துவிடுகிறது. வீட்டில் அந்த உலர்ந்த அறையை ஒரு பெட்டி அளவுக்குச் சுருக்கிக்கொள்ளலாம். இறுக்கமான மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரப்பதமானி போதும். முள் 40 முதல் 50 விழுக்காட்டுக்குள் நிற்க வேண்டும். நிறம் மாறிய ஜெல்லை அதன் பொட்டலத்தில் சொன்ன சூட்டில் உலர்த்தினால் மறுபடி பயன்படும். பதிவு முடிந்ததும் மைக்கை ஸ்டாண்டில் விடாமல் டப்பாவில் வைக்க வேண்டும். குளிர்ந்த அறையிலிருந்து புழுக்கமான கூடத்துக்கு எடுத்துவந்தால் உடனே இயக்கக் கூடாது. குளிர்ந்த உலோகத்தில் நீர் கோக்கும், அது வெதுவெதுப்பாகும்வரை பொறுக்க வேண்டும். வாய்க்கு முன்னால் வைக்கும் பாப் ஃபில்டர் 'ப' ஒலியின் காற்றடிப்பைத் தடுப்பதோடு மூச்சின் ஈரத்தையும் தடுக்கிறது. சவ்வைத் துடைக்க மட்டும் யாரும் முயலக் கூடாது. மைக் சீறத் தொடங்கினால் முதலில் ஓரிரு நாள் சிலிக்கா ஜெல்லோடு மூடி வையுங்கள்; சீறல் நீங்கினால் குற்றவாளி ஈரம், நீங்காவிட்டால் பழுதுபார்ப்பவரைத் தேடலாம்.

வாங்கும்போது இன்னொரு தேர்வும் வரும்: நேரே கணினியில் சொருகும் யுஎஸ்பி மைக்கா, மைக்கின் உள்சுற்றை இயக்கும் 48 வோல்ட் ஃபாண்டம் பவர் தரும் இன்டர்ஃபேஸோடு இணையும் எக்ஸ்எல்ஆர் மைக்கா? யுஎஸ்பி எளியது, செலவும் குறைவு. ஆனால் அதற்குள் மைக்கும் மின்னணுச் சுற்றும் ஒரே உடலில் இருக்கின்றன. உப்பு ஒன்றை அரித்தால் மொத்தமும் போகும். எக்ஸ்எல்ஆர் முறையில் கெட்ட பகுதியை மட்டும் மாற்றலாம். கடற்கரை வீட்டுக்கு அதுவே சிக்கனம். பெரிய உடலுக்குள் மிகச் சிறிய காப்சூலை வைத்து, சீறலின் அளவைக் குறிப்பிடாமலே விற்கப்படும் மலிவுச் சரக்கைத் தவிர்க்க வேண்டும். அளவைச் சொல்லத் துணியாத தயாரிப்பை நம்ப எந்தக் காரணமும் இல்லை.

பாம்பனில் 2016-ல் மீனவர்களுக்கெனத் தொடங்கிய 'கடல் ஓசை' சமுதாய வானொலி, கடற்கரைக் குரலுக்குக் காத்திருக்கும் காதுகள் உண்டு என்று காட்டியிருக்கிறது. மரக்காணத்தின் உப்பளப் பாட்டும் மீனவர் பேச்சும் பதிவாக வேண்டுமானால் அவை பதிவாகும் கருவி அந்த மண்ணில் நீடிக்க வேண்டும். 20 டெசிபலோ அதற்குக் குறைவோ சீறல் உள்ள, பெயர்பெற்ற நிறுவனத்தின் எலெக்ட்ரெட் மைக் ஒன்று, எளிய இன்டர்ஃபேஸ், பாப் ஃபில்டர், கனத்த திரை, உலர் டப்பா. செலவை இவை எல்லாவற்றுக்கும் சேர்த்துத் திட்டமிடுங்கள். பணம் போதாவிட்டால் மைக்கின் விலையில் குறைத்துக்கொள்ளுங்கள், உலர் டப்பாவில் குறைக்காதீர்கள்.