உளியா, லத்தீனா?

அமெரிக்காவின் தெற்கே டஸ்கிகீயில், கறுப்பினக் கல்வியாளர் புக்கர் வாஷிங்டனின் மாணவர்கள் செங்கல் அறுத்து, சூளை வைத்து, தங்கள் பள்ளியைத் தாங்களே கட்டினார்கள். கைத்தொழிலை முதன்மையாக வைத்த அந்தக் கல்விமுறை தென் மாநிலங்களோடு நிற்கவில்லை. 1902இல் தலைநகர் வாஷிங்டனிலும் கறுப்பின மாணவர்களுக்கென்றே ஆம்ஸ்ட்ராங் தொழிற்பயிற்சிப் பள்ளி திறக்கப்பட்டது. புக்கர் வாஷிங்டன் படித்த ஹாம்ப்டன் பள்ளியை நிறுவிய தளபதியின் பெயரையே அதற்கு வைத்தார்கள்.

அங்கிருந்து சில தெருக்கள் தள்ளி இருந்தது எம் தெரு உயர்நிலைப் பள்ளி. அதுவும் கறுப்பின மாணவர்களுக்கானதுதான். ஆனால் அங்கே லத்தீன் நடந்தது. அதே 1902இல் அதன் தலைமையாசிரியராக வந்தவர் அன்னா ஜூலியா கூப்பர். அடிமையாகப் பிறந்து, ஓபர்லின் கல்லூரியில் கணிதம் படித்தவர். அவர் கையில் தேறிய பிள்ளைகள் ஹார்வர்டுக்கும் பிரவுனுக்கும் போனார்கள். உயர்நிலைப் பள்ளிகளின் வெள்ளைக்கார இயக்குநருக்கு இது உவப்பாக இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு இவ்வளவு பாடம் எதற்கு, குறைத்தால் என்ன என்பது அவர் கட்சி. கூப்பர் இணங்கவில்லை. பள்ளியில் ஒழுங்கு இல்லை என்று குற்றம்சாட்டி, 1906இல் அவரை வெளியேற்றினார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து அதே பள்ளிக்கு ஆசிரியராகத் திரும்பியவர், 1925இல், அறுபது வயதைத் தாண்டிய பிறகு, பாரிஸின் சோர்போனில் டாக்டர் பட்டம் வாங்கினார். (அதற்கும் உள்ளூர் அதிகாரிகளிடம் லேசில் விடுப்பு கிடைக்கவில்லை!)

ஆம்ஸ்ட்ராங்கை மட்டமாக நினைக்க வேண்டாம். ஜாஸ் இசைமேதை டியூக் எலிங்டன் படித்த பள்ளி அது. கறுப்பின வரலாற்றைத் தனித் துறையாக வளர்த்த கார்ட்டர் உட்சன் சில காலம் அதன் தலைமையாசிரியர். உளி பிடிப்பதில் இழிவு ஏது? உளிதான் உனக்கு என்று பதினான்கு வயதில் இன்னொருவர் தீர்த்துவைப்பதில்தான் என் சண்டை. தொழிலைக் கற்றவனுக்கும் வழி திறந்துவிடவில்லை. பல கட்டடத் தொழிற்சங்கங்கள் கறுப்பர்களைச் சேர்த்துக்கொள்ளவே இல்லை. 1917இல் ஸ்மித்-ஹியூஸ் சட்டம் தொழிற்கல்விக்கு மத்திய அரசின் பணத்தைக் கொண்டுவந்தது. தென் மாநிலங்களில் கறுப்பினப் பள்ளிகளுக்கு வந்த பங்கு பெரும்பாலும் வேளாண்மைக்கும் வீட்டுப் பணிகளுக்குமே போனது. எந்திரப் பட்டறை வெள்ளையர் பள்ளிக்கு.

1954இல் நிறவாரிப் பள்ளிகள் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. தலைநகரின் கல்வி அதிகாரி கார்ல் ஹான்சன் இரண்டு ஆண்டுகளில் வேறு ஏற்பாடு செய்தார்: தேர்வு வைத்து மாணவர்களை நான்கு தடங்களாகப் பிரிப்பது. மேல் தடங்கள் கல்லூரிக்கு, கீழ்த் தடங்கள் கூலி வேலைக்கு. கீழே சேர்ந்தவர்கள் பெரும்பாலும் ஏழைக் கறுப்பினப் பிள்ளைகள். ஜூலியஸ் ஹாப்சன் என்ற தந்தை வழக்குப் போட்டார். 1967இல் நீதிபதி ஸ்கெல்லி ரைட் தட முறையை ரத்து செய்தார். வெள்ளை நடுத்தர வர்க்கப் பிள்ளைகளை அளவுகோலாக வைத்துச் செய்த தேர்வு, மற்றப் பிள்ளைகளின் திறமையை எப்படி அளக்கும் என்று தீர்ப்பில் கேட்டார். கல்வி வாரியம் மேல்முறையீடு செய்ய மறுத்தது. ஹான்சன் பதவியை விட்டுப் போனார்.