ஆறே வழியாக: அட்லஸ் மலையிடுக்குகளில் மிதிவண்டிச் செலவு

தமிழில் ஆறு என்னும் சொல் நீரோடும் ஆற்றையும் குறிக்கும்; மக்கள் செல்லும் வழியையும் குறிக்கும். ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகை பெயர் பெற்றது இரண்டாவது பொருளால் ஆகும். ஒரே சொல்லில் இவ்விரு பொருளும் எங்ஙனம் அமைந்தன என்று மாணவர் வகுப்பில் வினவுவதுண்டு. சமவெளியில் வாழ்வோர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம். உயர்ந்த மலைநாடுகளிலோ, நீர் வெட்டித் தந்த பள்ளத்தையன்றி மனிதனுக்கு வேறு வழி வாய்ப்பது அரிது. அங்கு ஆறே வழி, வழியே ஆறு.

இதற்குச் சிறந்த சான்றாக வட ஆப்பிரிக்காவின் மொராக்கோ நாட்டு அட்லஸ் மலைத்தொடரைக் கூறலாம். அரபியர் பள்ளத்தாக்கை ‘வாதி’ என்பர். திருக்குர்ஆன் ஓதுவோர்க்கு இச்சொல் புதிதன்று. மொராக்கோவில் அது ‘வாத்’ எனக் குறுகி, ஆற்றுக்கும் பள்ளத்தாக்குக்கும் பொதுப்பெயராக வழங்குகிறது. அம்மலையின் தொல்குடியினரான அமாஸிக் மக்கள் தம் மொழியில் ஆற்றை ‘அஸிஃப்’ என்றும், கணவாயைத் ‘திஸி’ என்றும் வழங்குவர். இவர்களையே பிறர் பெர்பர் என அழைத்தனர். இவர்தம் மொழி 2011-ஆம் ஆண்டு அரசமைப்பின்வழி, அரபியோடு ஆட்சிமொழித் தகுதி பெற்றது.

இம்மலையின் சரளைப் பாதைகளில் மிதிவண்டி செலுத்துவதற்கென்றே இன்று உலகின் பல பகுதிகளினின்றும் மக்கள் வருகின்றனர். 2020-ஆம் ஆண்டு மர்ராக்கிஷ் நகரினின்று தொடங்கி 1,100 கிலோமீட்டருக்கு மேல் மலைவழியே செல்லும் போட்டியொன்றும் முதன்முறையாக நடைபெற்றது. சரளை மிதிவண்டி ஓட்டம் என்பது தனியொரு விளையாட்டாகப் பெயர் பெற்றது அண்மைக்காலத்தில்தான். அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்து எம்போரியா நகரில் 2006-இல் 200 மைல் தொலைவுக்கு நடந்த போட்டி அதற்கு ஊக்கம் தந்தவற்றுள் ஒன்று. முதல் உலகப் போட்டி 2022-இல் இத்தாலியில் நடைபெற்றது. கப்பிச் சாலையில் பத்துக் கல் தொலைவு மிதித்துச் சென்று பாடம் நடத்திய நம் நாட்டுத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் இதனை விளையாட்டு என்று எண்ணியதில்லை என்பது வேறு செய்தி.

இவ்வண்டியின் அமைப்பைச் சிறிது நோக்குவோம். பந்தய வண்டியைப் போலவே இதற்கும் வளைந்த கைப்பிடி உண்டு. ஆனால் பந்தய வண்டியின் டயர் 28 மில்லிமீட்டர் அகலம் எனின், இதன் டயர் 40 முதல் 50 மில்லிமீட்டர் வரை இருக்கும். அதில் அடைக்கும் காற்றின் அழுத்தமோ ஏறத்தாழப் பாதிதான். காற்றுக் குறைந்தால் வண்டி ஓடுமா என ஐயுறலாம். இறுக அடைத்த டயர் ஒவ்வொரு கல்லின் மீதும் ஏறி இறங்கும். ஆளையும் வண்டியையும் ஒவ்வொரு முறையும் மேலே தூக்குவதில் மிதிப்பவனது ஆற்றல் வீணாகிறது. நெகிழ்ந்த டயரோ கல்லைத் தன்னுள் வாங்கிக்கொண்டு மேலே செல்கிறது. உட்டியூப் இல்லாத டயருள் ஊற்றப்படும் ஒருவகைப் பால், முள் குத்திய துளையைத் தானே அடைத்துவிடும். ஏற்றத்திற்கெனப் பற்சக்கரங்கள் மிகத் தாழ்வாக அமைக்கப்படும். முன்னும் பின்னும் பற்களின் எண்ணிக்கை ஒன்றாயிருப்பின், மிதிகட்டை ஒருமுறை சுற்றச் சக்கரமும் ஒருமுறையே சுற்றும், வண்டி 2.2 மீட்டர் அளவே நகரும். விரைவில்லை, ஆயினும் ஏறலாம்.

இனி வழியைக் காண்போம். அட்லஸின் தென்சரிவில் தின்கிர் என்னும் ஊர் ஏறத்தாழ 1,300 மீட்டர் உயரத்தில் உள்ளது. பேரீச்சந்தோப்புகளை ஒட்டி வடக்கே சென்றால் தோத்ரா மலையிடுக்கு வாய் திறக்கிறது. இருபுறமும் சுண்ணாம்புப் பாறை ஏறத்தாழ 300 மீட்டர் செங்குத்தாக எழுந்து நிற்க, மிகக் குறுகிய இடத்தில் இடைவெளி பத்து மீட்டர் அளவே எஞ்சுகிறது. நண்பகலன்றிப் பிற பொழுதில் கதிரவன் ஒளி அடியில் விழுவது அரிது. இப்பாறைகள் ஒரு காலத்தில் கடலடியில் படிந்தவை. நிலம் மெல்ல மெல்ல உயர, ஆறு தன் தடத்தை விடாது அறுத்துக்கொண்டே வந்தது. மலை எழுந்த பின் ஆறு அதனைப் பிளந்தது என்பதினும், மலை எழ எழ ஆறு இடங்கொடுக்க மறுத்தது என்பதே பொருந்தும்.

இடுக்கைக் கடந்தால் தம்தத்தூஷ்த், அதற்கப்பால் 2,300 மீட்டருக்கு மேல் அமைந்த அகூதால் ஆகிய சிற்றூர்கள் வரும். அங்கிருந்து மேற்கே 2,900 மீட்டரை ஒட்டிய கணவாயில் ஏறி, மிசெம்ரிர் என்னும் ஊரில் இறங்கினால், தாதெஸ் ஆற்றின் இடுக்கு வழியே மீண்டும் தென்சமவெளியை அடையலாம். கணவாயின் உச்சியில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பத்தில் ஏழு பங்கே. அத்துடன் உயரத்திற்கேற்பக் கல்லும் மாறுகிறது. ஆற்றுப்படுகையில் கிடப்பவை நீர் உருட்டிய கூழாங்கற்கள். அவை சக்கரத்தின் கீழ் உருண்டு வண்டியை வழுக்கும். மேலே கிடப்பவை உறைபனி பிளந்த சில்லுகள். அவை உருளமாட்டா, டயரின் பக்கத்தைக் கிழிக்கும். வண்டிப்போக்குவரத்து மிகுந்த இடங்களில் பாதை முழுதும் அலையலையாக வரிகள் எழுந்திருக்கும். இவ்வலைகள் ஏன் தோன்றுகின்றன என்பதனை அறிவியலார் ஆராய்ந்துள்ளனர். ஒரு குறித்த விரைவுக்கு மேல் எந்தச் சக்கரம் உருண்டாலும், அதற்கு வில் இல்லையாயினும், மணலிலும் சரளையிலும் அலை எழும் என்று 2007-இல் வெளியான ஓர் ஆய்வு காட்டிற்று. எனவே பாதையைக் கெடுப்பது வண்டியின் விரைவேயன்றிப் பாதையின் குறையன்று.

இவ்வழிகள் புதியனவல்ல. தஞ்சாவில் 1304-இல் பிறந்து, உலகம் சுற்றி, நம் மதுரையில் சுல்தான் கியாதுத்தீன் தமகானியின் அவையையும் கண்ட இப்னு பதூதா, தமது இறுதிப் பெரும்பயணத்தில் மாலி நாடு சென்று மீண்டபோது, 1353-ஆம் ஆண்டு டிசம்பர் இறுதியில் சிஜில்மாசாவினின்று புறப்பட்டு அட்லஸைக் கடந்தார். புகாராவிலும் சமர்கந்திலும் குராசானிலும் கடுவழிகளையும் பனியையும் கண்ட தமக்கு, இம்மலைவழியினும் கொடியதொன்று வாய்த்ததில்லை என்னும் கருத்தை அவர் தம் நூலில் பதிந்துள்ளார். வழியின் இடர்களை உள்ளவாறு கூறுதல் பயண நூலின் முதற்கடமை. நம் மலைபடுகடாம் கூத்தர்க்கு வழிகூறுங்கால் அதனையே செய்கிறது. இன்றைய பயண விளம்பரங்களோ இதனை மறந்துவிட்டன.

இடர்களுள் தலையாயது வெள்ளம். மேலே எங்கோ பெய்த மழை, வானம் தெளிந்த இடத்தில் இருப்பவனை வந்து அடித்துச் செல்லும். 1995 ஆகஸ்டு 17 அன்று மர்ராக்கிஷுக்குத் தெற்கேயுள்ள ஊரிக்கா பள்ளத்தாக்கில் இவ்வாறு வந்த வெள்ளத்தில் இருநூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். கோடை வெப்பத்திற்கு அஞ்சி ஆற்றங்கரையில் தங்கியோர் அவர்களுட் பலர். படுகையில் கூடாரம் அடிக்கலாகாது என்று அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் சொன்னால், அயலார் வாதிடாது எழுந்து மேட்டுக்குச் செல்வதே அறிவுடைமை.

மற்றொன்று, பாதையை ஒட்டிய நிலம் பற்றியது. மலைச்சரிவில் கையகல வாய்க்கால்கள் ஓடும். எவ்வீட்டு வயலுக்கு எவ்வளவு நேரம் நீர் என்பது முறைவைத்துப் பங்கிடப்பட்டது. உயர்ந்த மேய்ச்சல் வெளிகளை, புல் வளருமளவும் மூடிவைத்துக் குறித்த நாளில் அனைவர்க்கும் ஒருசேரத் திறக்கும் வழக்கமும் உண்டு. அதனை ‘அக்தால்’ என்பர். ஆளற்ற புல்வெளி என்று எண்ணி வண்டியை உள்ளே உருட்டுபவன், ஓர் ஊரார் பல திங்கள் பொறுத்துக் காத்த புல்லை மிதிக்கிறான்.

இங்கே நாம் ஒன்றை வெளிப்படையாகக் கூறவேண்டும். சரளைப் பாதைகள் தார்ச்சாலைகளாக மாறிவருவது குறித்து மிதிவண்டி ஆர்வலர் சிலர் வருந்தி எழுதுகின்றனர். மலையின் தூய்மை போயிற்று என்கின்றனர். இவ்வருத்தத்தில் நாம் பங்குகொள்ள இயலவில்லை. பிரஞ்சு ஆதிக்கம் நிலவிய 1912 முதல் 1956 வரையிலான காலத்தில் இம்மலைக்குள் வெட்டப்பட்ட பாதைகள் பலவும் படைகள் செல்வதற்காகவே வெட்டப்பட்டன. ஊரார் கேட்டு வந்தவையல்ல. அவர்களுக்கு வேண்டிய சாலை எது என்பது 2023 செப்டம்பர் 8 இரவில் தெரிந்தது. மர்ராக்கிஷுக்குத் தென்மேற்கே அல்ஹவுஸ் மலைப்பகுதியில் 6.8 அளவில் நிகழ்ந்த நிலநடுக்கத்தில் மண்ணாலும் கல்லாலும் கட்டிய வீடுகள் சரிந்து, மூவாயிரம் பேர் அளவில் உயிரிழந்தனர். பாறைகள் உருண்டு வழிகள் அடைபட்டமையால் தொலைவூர்களுக்கு உதவி காலந்தாழ்ந்தே சென்றது. சில ஊர்களுக்கு உணவும் போர்வையும் கழுதையின் முதுகில் ஏறிச் சென்றன. இடிபாட்டினுள் கிடந்தவர்க்கு ஒவ்வொரு நாழிகையும் உயிர். அயலான் ஒருவன் ஆண்டுக்கொருமுறை பெறும் இன்பத்திற்காக, பேறுகால வலியில் துடிக்கும் பெண்ணைக் கோவேறு கழுதையில் ஏற்றி இறக்கும் பாதை அப்படியே இருக்கவேண்டும் என்பது நியாயமாகாது. தார் இட்ட பின்னும் ஏறுவோர்க்கு மேய்ப்பர் தடங்கள் மிகுதியாகவே எஞ்சும்.

செல்ல விழைவோர்க்கு ஏற்ற காலம் சித்திரை, வைகாசியும், பின்னர் புரட்டாசி, ஐப்பசியும் ஆகும். குளிர்காலத்தில் உயர்ந்த கணவாய்களைப் பனி மூடிவிடும். கோடையில் தாழ்ந்த சமவெளி கொதிக்கும். மே மாதத்தில் தாதெஸ் பள்ளத்தாக்கின் கீழ்ப்பகுதியில், கல்அத் மகூனா ஊரைச் சுற்றி ரோஜா பறிக்கும் பருவம். பன்னீர் வடிக்கும் மணம் சாலைவரை வரும். அங்கு வண்டியை நிறுத்தி ஸலாம் கூறுவோர்க்குப் புதினா இட்ட தேநீர் கிடைக்காமற் போவது அரிது. தோத்ரா ஆறு கீழ்த்திசையில் கெரிஸ் ஆற்றோடு கூடி, நீருள்ள காலங்களில் தாபிலால்த் பேரீச்சஞ்சோலைகளை நோக்கிச் செல்கிறது. மற்றக் காலங்களில் தடம் மட்டுமே கிடக்கும். ஒட்டகக்காரர் அதன்வழியே நடப்பர்.