கற்பிட்டி மணலும் நம்ம மலையும்

தலவில புனித அன்னம்மாள் திருவிழாவுக்கு வருஷா வருஷம் பஸ் பிடித்துப் போகிற குடும்பங்கள் நம் தோட்டங்களில் நிறைய உண்டு. பாலாவியில் திரும்பி கற்பிட்டிப் பக்கம் போய் இறங்கினால், கால் வைக்கிற இடமெல்லாம் மணல்தான். இவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது என்று பிள்ளைகள் கேட்டால், "கடல் கொண்டுவந்து போட்டது" என்று சொல்லிவிடுகிறோம். அது பாதிதான் சரி. அதில் பெரும் பகுதியைக் கடலுக்குக் கொடுத்தது ஆறு. ஆற்றுக்குக் கொடுத்தது மலை.

மலைப் பாறை மழையிலும் வெயிலிலும் உக்கும்போது அதில் ஒரு பகுதி களிமண்ணாகிறது. குவார்ட்ஸ் என்கிற கடினமான கல் மட்டும் உக்காமல் மணலாக மிஞ்சுகிறது. மகா ஓயா அரநாயக்க மலைப் பக்கமிருந்தும், தெதுறு ஓயா கண்டி, மாத்தளை மலையோரங்களிலிருந்தும் அதை அள்ளிக்கொண்டு போகின்றன. தென்மேல் பருவக்காற்றுக் காலத்து அலை அந்த மணலைக் கரையோரமாக வடக்கே தள்ளுகிறது. இப்படி ஆயிரக்கணக்கான வருஷம் சேர்ந்து நீண்ட மணல் நாக்குத்தான் கற்பிட்டிக் குடாநாடு.

அதன் உள்பக்கம் புத்தளம் களப்பு. கலா ஓயாவும் மீ ஓயாவும் அங்கே வந்து விழுகின்றன. தண்ணீர் அமைதியாக நிற்பதால் அடியில் படிவது சேறு.

பழைய மண்ணைப் படிக்கிறவர்களுக்கு இதுதான் அரிச்சுவடி. உருண்ட கூழாங்கல் இருந்தால் வேகமான ஆறு ஓடியிருக்கிறது. மெல்லிய சேறு என்றால் தேங்கிய தண்ணீர். சிப்பி கிடந்தால் கடலோ களப்போ இருந்த இடம். புத்தளத்துக்கு வடக்கே அருவக்காட்டில் சீமெந்துக்காக வெட்டிய சுண்ணாம்புக்கல்லில் கடல் சிப்பிகள் இருக்கின்றன. ஒன்றரைக் கோடி வருஷத்துக்கும் முன்னால் அந்தத் தரை கடலுக்கு அடியில் கிடந்தது. நேர்மாறாக, சுமார் 20,000 வருஷத்துக்கு முன் உலகமெங்கும் கடல் இன்றைவிட ஏறக்குறைய 120 மீற்றர் கீழே இருந்தது. அப்போது இலங்கையிலிருந்து இந்தியாவுக்கு நடந்தே போகலாம்!

இரத்தினபுரிப் பக்கத்துத் தோட்டத்து ஆட்களுக்கு "இல்லம்" என்றால் தெரியும். மாணிக்கக் குழியில் வருகிற பழைய ஆற்றுக் கூழாங்கல் படைதான் அது. அதிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம் ஆகியவற்றின் எலும்புகள் கிடைத்தன. பி. ஈ. பி. தெரணியகல அவற்றை ஆராய்ந்து எழுதினார். இன்று இலங்கைக் காட்டில் இந்த இரண்டு மிருகமும் கிடையாது. ஆறும் சதுப்பும் புல்வெளியுமாக அந்த நாடு அன்று எப்படி இருந்தது என்பதை அந்த எலும்புகள் சொல்கின்றன.

மழையின் வரலாறும் மண்ணில் உண்டு. ஹோர்ட்டன் சமவெளியின் சதுப்புப் படிவில் சிக்கிய பூந்தாதுகளை பிரேமதிலக்க என்ற ஆய்வாளர் எண்ணிப் பார்த்தார். 24,000 முதல் 18,500 வருஷத்துக்கு முன்புவரை அங்கே வறட்சி, பருவமழை பலவீனம் என்று 2003இல் வெளியான ஆய்வு காட்டியது. வருஷமெல்லாம் பனியும் தூறலுமாக இருக்கிற இடம் அது, நம்பவே முடியவில்லை!

இது படித்தவர்கள் சமாச்சாரம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். ஆறு மண்ணைச் சலித்துப் படை படையாக வைக்கும். மண்சரிவு அப்படிச் செய்யாது. கூர்மையான கல், பாறைத் துண்டு, சேறு எல்லாம் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கும். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29இல் லயன்களை மூடிய சரிவு அப்படிப்பட்ட இடத்தில்தான் நடந்தது. பழைய காலத்தில் சரிந்து வந்து தங்கிய மண் அது. அங்கே ஆபத்து என்று முன்பே எச்சரித்தும் இருந்தார்கள்.

ஆகவே வீட்டுக்கு அத்திவாரமோ மலசலகூடக் குழியோ வெட்டும்போது வெட்டுமுகத்தைக் கொஞ்சம் பாருங்க. சரிவான இடத்தில் உருளாத கல்லும் சேறும் கலந்து ஆழமாகக் கிடந்தால், வேலையை நிறுத்திவிட்டு கிராம சேவகர் மூலம் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துக்குச் சொல்லி அனுப்புங்க. இடத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். மழை நாளில் நிலம் வெடித்தாலோ, பீலித் தண்ணீர் திடீரென்று கலங்கி வந்தாலோ, கடிதம் எழுதிக் காத்திருக்க நேரமில்லை. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு உடனே வெளியேறிவிட்டு, இடர் முகாமைத்துவ நிலையத்தின் 117ஐ அழையுங்க.