கோபுரமும் கூறுகளும்

சங்கரன்கோவிலை அடைவோர் கண்ணை முதற்கண் கவர்வது சங்கரநாராயணர் திருக்கோயிலின் ஒன்பது நிலைக் கோபுரமாம். அதனை அண்ணாந்து நோக்குவார் உள்ளத்தே, இத்துணைப் பெரும் பாரத்தை அடிப்பகுதி எங்ஙனம் தாங்குகின்றது, அழுத்தம் மிகுந்த இடம் யாது என்னும் வினாக்கள் எழுதல் இயல்பு. இவை வீண் வினாக்கள் அல்ல. கிருஷ்ணதேவராயர் 1516-ஆம் ஆண்டில் எடுப்பித்த திருக்காளத்திக் கோபுரம் 2010-ஆம் ஆண்டு மே மாதம் 26-ஆம் நாள் இடிந்து வீழ்ந்ததன்றோ?

ஒரு தூணின் அழுத்தத்தை அறிய ஒரு வாய்பாடே அமையும். வாயிலும் நிலைகளும் உடையதாய், கீழே கல்லும் மேலே செங்கல்லும் கொண்ட கோபுரமோ ஒரு வாய்பாட்டிற்குள் அடங்குவதன்று. இவ்விடத்தே உதவுவது ‘பைனைட் எலிமெண்ட்’ முறை. தமிழில் இதனை வரையுறு கூற்று முறை எனலாம்.

வட்டத்தின் சுற்றளவை அறிய விரும்பிய பண்டையோர், அதனுள் பலகோணம் வரைந்து, பக்கங்களை மேன்மேலும் பெருக்கி உண்மையை அணுகினர். அதுபோலவே இம்முறையில் முழுப்பொருளும் சிறு சிறு கூறுகளாக வகுக்கப்படும். கூறுகள் ஒன்றோடொன்று கூடும் இடங்கள் கணுக்களாம். ஒவ்வொரு கூற்றிற்கும் எளிய சமன்பாடு ஒன்று உண்டு. எழுத்துக்கள் புணர்ந்து சொல்லாதல் போல, அவை கணுக்களிற் புணர்ந்து பல்லாயிரம் சமன்பாடுகளாகத் திரளும். கூராண்ட் என்னும் கணித அறிஞர் 1943-இல் முக்கோணக் கூறுகளைக் கையாண்டார். இம்முறைக்கு இன்றைய பெயரை 1960-இல் இட்டவர் கிளஃப் என்னும் பொறியியற் பேராசிரியர்.

அத்துணைச் சமன்பாடுகளையும் கையால் தீர்த்தல் அரிது. ஆகவே கணிப்பொறிக்குரிய நிரல் தொகுதிகள் எழுந்தன. இவற்றை ‘லைப்ரரி’ என்பர். 2003-இல் தொடங்கிய ஃபெனிக்ஸ் அவற்றுள் ஒன்று. பொருளின் வடிவம், கூறுகளின் வகை, கல் செங்கல் முதலியவற்றின் தன்மை, சுமை, அசையாது நிற்கும் எல்லை ஆகியவற்றைப் பைதான் மொழியில் நாம் உரைத்தல் வேண்டும். சமன்பாடுகளைத் திரட்டித் தீர்த்தல் அதன் பணி.

எனினும் ஓர் எச்சரிக்கை. நாம் பிழைபட உரைப்பினும் பொறி தயங்காது விடை தரும். நார்வே நாட்டின் ஸ்லைப்னர் என்னும் எண்ணெய் மேடையின் கான்கிரீட் அடிப்பாகம் 1991-ஆம் ஆண்டு ஆகஸ்டு 23-ஆம் நாள் கடலில் மூழ்கிற்று. கூறுகள் போதிய நுண்மையின்றி வகுக்கப்பட்டமையால், சுவர்களில் எழும் வெட்டு விசை 47 விழுக்காடு குறைத்துக் கணிக்கப்பட்டதும், கம்பிகள் ஆங்குப் போதிய அளவு ஊன்றப்படாமையுமே காரணம் எனப் பின்னர்த் தெளிந்தனர்.

ஆதலின் இரண்டு சோதனைகள் இன்றியமையாதன. கூறுகளைப் பின்னும் சிறியவாக்கி மீண்டும் கணித்தல் ஒன்று. விடை பெரிதும் மாறுமாயின் முன்னையதை நம்பலாகாது. அடித்தளம் தாங்கும் விசைகளின் கூட்டுத்தொகை, கோபுரத்தின் மொத்த எடைக்கு ஒத்துள்ளதா எனக் கையால் சரிபார்த்தல் மற்றொன்று.

மணலின்மேல் வீடு கட்டியவனின் உவமையை நாம் இளமையிலேயே கேட்டுள்ளோம். அடித்தளத்தை ஆராயாத கணக்கும் அத்தகைய வீடேயாம்.