இசை நாடகமும் கிட்டப்பாவும்

மேனாட்டார் 'ஆபெரா' என்றழைக்கும் இசை நாடகத்தில் நடிகனே பாடகனுமாவான். ஜெர்மனி முதலிய தேசங்களில் 'பாரிடோன்' எனப்படும் இடைத்தர ஆண்குரலினர்க்கு, அக்குரலுக்கு இசைந்த பாத்திரங்களே அளிக்கப்படும். மேற்குரலிற் பாடுமாறு அவரை வற்புறுத்துவாரில்லை. நம் ஆலங்காயத்தைச் சூழ்ந்த வட ஆற்காட்டுப் பகுதியின் தெருக்கூத்திலும் ஆடுவோனே பாடுவோன் என்பது யாவரும் அறிந்ததே.

தமிழ் நாடக மேடையில் இக்கலையை உச்சநிலைக்கு உயர்த்தியவர் எஸ். ஜி. கிட்டப்பா. 1906-ம் வருஷம் செங்கோட்டையிற் பிறந்த அவர், பாலப் பருவத்திலேயே மேடையேறினார். பின்னர்க் கன்னையா கம்பெனியாரின் 'தசாவதார' நாடகத்தாற் பெரும் புகழெய்தினார். ஒலிபெருக்கி இல்லாத அந்நாளில் கொட்டகையின் கடைசி வரிசையிலிருப்போனுக்கும் பாட்டு எட்டவேண்டியிருந்தது. ஆதலின் மேல் சுருதியிற் பாடும் சாரீரமே நடிகனுக்கு மூலதனமாயிற்று. அது இயல்பாய் அமையாதார் வருந்தியேனும் அதனை எட்ட முயன்றனர். கிட்டப்பாவுக்கோ அது இயற்கையிலேயே வாய்த்தது.

1927-ல் கே. பி. சுந்தராம்பாளை மணந்த அவர், 1933 டிசம்பர் 2-ல், இருபத்தேழாம் பிராயத்திலேயே காலஞ்சென்றார். சுந்தராம்பாள் அன்று முதல் வெண்ணிற ஆடையே பூண்டு, 1980 வரை வாழ்ந்தார். கிட்டப்பாவின் குரலில் நமக்கு எஞ்சியவை சில கிராமபோன் இசைத்தட்டுக்களே. அரங்கில் எழுந்த இசை அன்றிரவே மறைந்துவிடும். அதனைப் பதிந்து காப்பதும் கல்வியின் கடமையன்றோ?