மலைப்பாதையில் சிமிட்டும் மஞ்சள் விளக்கு

மேட்டுப்பாளையம் தாண்டி, கல்லாறு கடந்து, பர்லியாறு நோக்கி வண்டி ஏறத் தொடங்கும் இடத்தில்தான் பெரும்பாலும் இந்தத் தொல்லை தலைகாட்டும். செகண்ட் கியரில் மிதித்தால் வண்டி சீராக இழுக்காமல் உதறும். அந்த உதறல் ஸ்டியரிங்கில் தெரியும், சீட்டிலும் தெரியும். மீட்டர் போர்டில் என்ஜின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரியும். பின்னால் அரசு பஸ் ஹாரன் அடிக்க, முன்னால் அடுத்த கொண்டை ஊசி வளைவு காத்திருக்கும்.

அந்த நேரத்தில் கவனிக்க வேண்டியது ஒன்றுதான். விளக்கு நின்று எரிகிறதா, சிமிட்டுகிறதா? நின்று எரிந்தால், வேறு சிவப்பு விளக்கு எதுவும் கூட எரியவில்லை என்றால், மெதுவாக ஊர் போய்ச் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம். சிமிட்டினால் காலை உடனே எடுத்துவிட வேண்டும். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் அப்படியே வெளியேறுகிறது என்று பொருள். அது போய்ச் சேரும் இடம் புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். ஏற்கெனவே கொதித்துக்கொண்டிருக்கும் அந்தப் பெட்டிக்குள் பெட்ரோல் பற்றிக்கொண்டால், நுண்துளைப் பீங்கான் உருகிப் புகைவழியே அடைத்துப்போகும். பிளக்குக்குப் பொறி தரும் காயிலை மாற்றினால் முடியும் வேலை பல மடங்கு செலவில் போய் நிற்கும். ஓரம் கட்டும்போதும் இடம் பார்த்து நிறுத்துங்கள். பிப்ரவரி, மார்ச்சில் மசினகுடிப் பக்கம் காய்ந்த புல்லின் மேல் இப்படிச் சூடேறிய வண்டியை நிறுத்துவது காட்டுக்கே ஆபத்து.

சிலிண்டர் இப்படி மிஸ் அடிப்பது வேறு, மலையில் வண்டி சோர்வது வேறு. சுற்றுலா வருகிற பலர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 325 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரை ஊர்களில் இருப்பதைவிட ஏறக்குறைய கால் பங்கு குறைவு. காற்று குறைந்தால் எரிக்க முடிகிற பெட்ரோலும் குறையும், இழுவையும் அதே அளவில் குறையும். டர்போ இல்லாத எந்த வண்டிக்கும் இதுதான் கதி. ஆனால் அந்தச் சோர்வு சீராக இருக்கும், உதறாது, விளக்கும் எரியாது. குலுங்கிக் குலுங்கி, நாலு காலில் ஒன்று நொண்டுவதுபோல் ஓடினால்தான் மிஸ்ஸிங்.

கார்புரேட்டர் காலத்தில் இந்த வித்தியாசம் இவ்வளவு தெளிவாக இல்லை. சமவெளியில் ட்யூன் செய்த அம்பாசிடரும் மாருதி 800-ம் மேலே வந்ததும் காற்று போதாமல் கரும்புகை தள்ளும், பிளக் கரி பிடிக்கும். இன்றைய வண்டியில் உயரத்துக்கு ஏற்பப் பெட்ரோலைக் குறைக்கும் வேலையை என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவே செய்துவிடுகிறது. ஆகவே இன்று ஊட்டியில் ஒரு வண்டி மிஸ் அடித்தால் 'மலை அப்படித்தான்' என்று விட்டுவிட முடியாது. ஒரு பாகம் கெட்டிருக்கிறது. அதைக் கண்டுபிடிக்கும் வேலையில் பாதிக்கு மேல் வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

2013 ஏப்ரலுக்குப் பிறகு நம் நாட்டில் வந்த கார்களில், கோளாறைத் தானே கண்டுபிடித்துப் பதிந்து வைக்கும் ஓபிடி-2 கட்டாயம். அமெரிக்காவில் 1996-லேயே வந்துவிட்டது. டிரைவரின் முழங்காலுக்கு மேலே, ஸ்டியரிங்குக்குக் கீழே தடவிப் பார்த்தால் 16 பின் கொண்ட ஒரு சாக்கெட் தட்டுப்படும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிற புளூடூத் ஸ்கேனரை அதில் செருகி, செல்போனில் ஒரு செயலியைப் போட்டால் எரர் நம்பர் திரையில் வந்துவிடும். பி 0301 என்றால் முதல் சிலிண்டர், பி 0303 என்றால் மூன்றாவது. பி 0300 என்றால் குறிப்பிட்ட ஒன்று என்றில்லாமல் மாறி மாறி மிஸ் ஆகிறது.

இதை ஈசியூ எப்படிக் கண்டுபிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். கிராங்க் ஷாஃப்ட்டில் உள்ள பல்சக்கரத்தை ஒரு சென்சார் ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சிலிண்டரும் வெடித்துத் தள்ளும்போது சக்கரம் துளி வேகமெடுக்கும். தள்ள வேண்டிய சிலிண்டர் தள்ளாவிட்டால் சுழற்சி ஒரு கணம் பின்தங்கும். அந்தத் தாமதத்தை வைத்துத்தான் எந்த சிலிண்டர் என்று ஈசியூ கணக்குப் போடுகிறது. அதற்குத் தெரிவது மூன்றாவது சிலிண்டர் தள்ளவில்லை என்பது மட்டுமே. காயிலா, பிளக்கா, இன்ஜெக்டரா, வால்வா என்று அதற்குத் தெரியாது. எரர் நம்பரைப் பார்த்ததும் நாலு காயிலையும் நாலு பிளக்கையும் மாற்றச் சொல்லும் பழக்கம் எனக்கு உடன்பாடில்லை. அது நோய் பார்க்காமல் மருந்து கொடுப்பது.

நம்பரோடு சேர்த்து ஈசியூ இன்னொன்றையும் சேமித்து வைக்கிறது. செயலியில் 'ஃப்ரீஸ் ஃபிரேம்' என்ற பகுதியைத் திறந்தால், கோளாறு பதிவான நொடியில் என்ஜின் எத்தனை ஆர்பிஎம்மில் ஓடியது, தண்ணீர்ச் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு, வண்டியின் வேகம் என்ன என்று இருக்கும். சூடு 12 டிகிரி, வேகம் பூஜ்யம் என்று இருந்தால் உறைபனிக் காலையில் ஸ்டார்ட் செய்தபோது வந்த தொல்லை. சூடு 90 டிகிரி, லோடு உச்சத்தில் என்றால் ஏற்றத்தில் வந்தது. இந்தத் திரையைப் படம் பிடித்து வைத்துக்கொண்ட பிறகே எதிலும் கை வைக்க வேண்டும்.

ஏற்றத்தில் மட்டும் மிஸ் அடிக்கிறது என்றால் முதல் சந்தேகம் காயில் மீதும் பிளக் மீதும்தான். சிலிண்டருக்குள் அழுத்தம் ஏற ஏற, பிளக்கின் இடைவெளியைப் பொறி தாண்டுவதற்கு அதிக வோல்ட் தேவைப்படும். சோர்ந்த காயில் ஐடிலிங்கில் சமாளித்துவிடும், லோடு ஏறியதும் கைவிட்டுவிடும். பர்லியாறு ஏற்றத்தில் உதறிய வண்டி ஊட்டியில் சாதுவாக ஓடுவதும் இதனால் நடக்கக்கூடியதே. மேலே காற்று மெலிவு, சிலிண்டரில் அழுத்தமும் குறைவு, பலவீனமான பொறிக்கும் அது போதும். தானாகச் சரியாகிவிட்டது என்று நம்பி இறங்கினால் அடுத்த முறை கல்லாறிலிருந்து ஏறும்போது மறுபடி ஆரம்பிக்கும்.

சோதனை எளிது. என்ஜின் முழுக்க ஆறியிருக்க வேண்டும், சாவி கையில் இருக்க வேண்டும். வழக்கமாக டைமிங் செயின் இருக்கும் பக்கத்திலிருந்து ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணுங்கள். மூன்றாவதில் குறை என்றால் அதன் கனெக்டர் பூட்டை அழுத்திக் கழற்றுங்கள். ஒயரைப் பிடித்து இழுக்கக் கூடாது, பழைய பிளாஸ்டிக் பூட்டு நொறுங்கும். போல்ட்டைக் கழற்றி, காயிலைச் சற்றே திருகி மேலே எடுங்கள். அதை இரண்டாவது சிலிண்டரிலும், இரண்டாவதின் காயிலை மூன்றாவதிலும் மாட்டுங்கள். எழுதி வைத்த நம்பரை அழித்துவிட்டு அதே மாதிரி ஏற்றத்தில் கொஞ்ச தூரம் ஓட்டிப் பாருங்கள். இப்போது 0302 வந்தால் காயில்தான் குற்றவாளி. மறுபடி 0303 வந்தால் அடுத்து பிளக்கை இதேபோல் மாற்றிப் போட்டுப் பார்க்க வேண்டும். விளக்கு சிமிட்டினால் சோதனை ஓட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஓடுகிற என்ஜினில் காயிலைப் பிடுங்கிப் பார்க்கும் பழைய முறை மட்டும் வேண்டாம். காயில் தருவது பல்லாயிரம் வோல்ட். கையும் போகும், கன்வெர்ட்டரும் போகும்.

கழற்றிய பாகத்தை வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பிளக்கின் முனை வெளிர் பழுப்பாக இருந்தால் நலம். உலர்ந்த கரி என்றால் பெட்ரோல் அதிகம், எண்ணெய்ப் பசை என்றால் ஆயில் கசிவு, சுண்ணாம்பாக வெளுத்திருந்தால் அதிகச் சூடு அல்லது பெட்ரோல் குறைவு. வெள்ளைப் பீங்கான் உடலில் மேலிருந்து கீழாகப் பென்சிலால் கிழித்ததுபோல் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தால், பொறி முனைக்குப் போகாமல் அந்த வழியாகவே இறங்கியிருக்கிறது. காயிலின் ரப்பர் உறைக்குள்ளும் அதற்கு நேராக ஒரு தடம் இருக்கும். அப்போது இரண்டையும் சேர்த்து மாற்றாவிட்டால் பழையது புதியதைக் கெடுத்துவிடும்.

நீலகிரியில் அந்தத் தடம் விழுவதற்குப் பெரும்பாலும் ஈரமே காரணம். ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், பந்தலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை. அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழை. இரண்டுக்கும் நடுவே மேகமூட்டம். எஸ்டேட்டில் ஷெட் இல்லாமல் வெளியே நிற்கும் வண்டியின் பிளக் குழிகளில் டார்ச் அடித்துப் பார்த்தால் அடியில் தண்ணீர் மினுங்கும். காயிலின் உள் ஸ்பிரிங் செம்பழுப்பாகத் துருவேறியிருக்கும். ரப்பர் சீல் காய்ந்து சுருங்கியிருந்தால் வாட்டர் சர்வீஸ் விடும்போதே தண்ணீர் இறங்கிவிடும். தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுத்து, குழியை உலர்த்தி, ஸ்பிரிங்கை மாற்றினாலே சில வண்டிகள் சரியாகிவிடுகின்றன. அதோடு ஒயரையும் முழு நீளத்துக்குப் பாருங்கள். குளிர் இரவில் சூடான என்ஜினைத் தேடி வரும் எலிக்கு இன்ஜெக்டர் ஒயர் என்றால் விருப்பம். பாதி கடித்த ஒயர் வெயிலில் வேலை செய்யும், ஈரத்தில் செய்யாது.

காயிலும் பிளக்கும் ஒயரும் நன்றாக இருந்து, பிளக்கெல்லாம் கரி பிடித்திருந்தால், உயரத்தைச் சொல்லும் சென்சாரைச் சோதிக்க ஒரு செலவில்லாத வழி உண்டு. என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் இக்னிஷனை மட்டும் ஆன் செய்து, ஸ்கேனரில் அந்த மேப் சென்சார் காட்டும் எண்ணைப் பாருங்கள். அப்போது அது காட்ட வேண்டியது அந்த ஊரின் காற்றழுத்தத்தை மட்டுமே. ஊட்டியில் 77 கிலோபாஸ்கல் சுமாருக்கு, குன்னூரில் 81, மேட்டுப்பாளையத்தில் 97. ஊட்டியில் நின்றுகொண்டு 100 என்று காட்டினால் அந்த சென்சார் தவறாகக் காட்டுகிறது. அதை நம்பி ஈசியூ தேவைக்கு மேல் பெட்ரோலைத் தெளித்துக்கொண்டிருக்கிறது.

இதே கணக்கு கம்ப்ரஷன் டெஸ்ட்டுக்கும் உண்டு. இது பலருக்கு வீண் செலவை மிச்சப்படுத்தும். கம்பெனிப் புத்தகத்தில் இருக்கும் அளவு கடல் மட்டத்துக்கானது. கீழே 180 பிஎஸ்ஐ காட்டும் நல்ல என்ஜின் ஊட்டியில் 140-ஐ ஒட்டித்தான் காட்டும். அந்த எண்ணைப் பார்த்துவிட்டு ரிங் போய்விட்டது, என்ஜினைப் பிரிக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். நாலு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று எவ்வளவு விலகியிருக்கின்றன என்று கேளுங்கள். மூன்று 140 காட்டி ஒன்று மட்டும் 90 காட்டினால்தான் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது என்று பொருள்.

பி 0300 வந்து, வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றதும் உண்டு என்றால் பெட்ரோலையே சந்தேகப்படுங்கள். இப்போது பங்க்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அளவுக்கு மீறித் தண்ணீர் சேர்ந்தால் பிரிந்து டேங்க்கின் அடியில் தங்கிவிடும். கோயம்புத்தூரிலோ சென்னையிலோ இருந்துகொண்டு மலைவீட்டில் காரை விட்டு வைப்பவர்கள் டேங்க்கை நிறைத்தே நிறுத்துவது நல்லது.

டீசல் வண்டிக்கு ஸ்பார்க் பிளக்கும் இல்லை, இந்தச் சோதனையும் இல்லை. அதன் இன்ஜெக்டர் லைனில் அழுத்தம் மிக அதிகம் என்பதால் வீட்டில் தொடவே வேண்டாம். பெட்ரோல் வண்டியிலும் காயில், பிளக், ஒயர் தாண்டிவிட்டால் மீதி மெக்கானிக்கின் வேலை. அவரிடம் போகும் முன் விளக்கை அணைத்துக்கொண்டு போகிற பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள். நம்பரை அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் சேர்ந்தே அழிந்துவிடும், அவர் முதலிலிருந்து தேட வேண்டியிருக்கும். எந்த நம்பர் வந்தது, எந்த ஏற்றத்தில், எத்தனை டிகிரிச் சூட்டில், எந்தக் காயிலை எங்கே மாற்றினீர்கள், பிறகு என்ன வந்தது என்று ஒரு தாளில் எழுதி, வண்டிச் சாவியோடு அவர் கையில் கொடுங்கள்.